முகமூடிக்காரரும் மௌனக்காரரும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஹிப்ஹாப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘மேட்வில்லன்’ என்ற அமெரிக்க இரட்டையரைப் போகிறபோக்கில் ஒற்றை வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பல வாசகர்கள் எழுதிவிட்டார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. மேட்வில்லன் இரட்டையர் மொத்தமே ஒரு ஆல்பம்தான் சேர்ந்து செய்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றோடு நின்றுபோனவர்களை இவ்வளவு தூக்கிவைத்துப் பேசுவது கொஞ்சம் மிகையாகத் தெரியவில்லையா?

பதில்: மிகைதானா என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவுசெய்யுங்கள், அந்த ஆல்பத்துக்குப் பின்னால் இருப்பதை மட்டும் நான் சொல்கிறேன். ‘மேட்வில்லனி’ என்ற அந்த ஆல்பம் 2004ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று, லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ‘ஸ்டோன்ஸ் த்ரோ’ என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. மொத்தம் 22 பாடல்கள், ஏறக்குறைய 46 நிமிடங்கள். பெரும்பாலான பாடல்கள் மூன்று நிமிடத்தைத் தாண்டுவதில்லை. பல பாடல்களில் பல்லவி என்ற ஒன்றே கிடையாது. அமெரிக்காவின் ‘பில்போர்டு 200’ என்ற ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் அது எட்டிய உச்ச இடம் 179. வணிகக் கணக்கில் இதைப் பெரிய வெற்றி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதன்பின் ராப் எழுதத் தொடங்கிய ஒரு தலைமுறை அந்த ஆல்பத்தைப் பாடப்புத்தகம்போல மனப்பாடம் செய்தது.

ராப் பாடியவர் எம்எஃப் டூம்; இசை அமைத்தவர் மேட்லிப். இருவருமே அப்போது முப்பதைத் தாண்டிய, அல்லது தாண்டவிருந்த ஆட்கள். இருவரும் அதற்குமுன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இசைத்துறையில் உழன்றவர்கள். ஒரு ஆல்பம் என்று நாம் எண்ணுவது, உண்மையில் இரண்டு நீண்ட தனி வாழ்க்கைகள் ஒருமுறை குறுக்கே வெட்டிக்கொண்ட இடம். நம் இரட்டைப் புலவர்களில் ஒருவர் முன்னிரண்டு அடியைத் தொடங்க, மற்றவர் பின்னிரண்டு அடியால் முடித்துவைப்பார் என்று தனிப்பாடல் கதைகள் சொல்லுமல்லவா, அந்த வகைக் கூட்டணி இது. ஒரு வித்தியாசம்: அவர்கள் ஒருவர் மற்றவரைச் சுமந்தபடி ஊர் ஊராகச் சேர்ந்தே போனார்கள், இவர்கள் ஒரே வீட்டில் இருந்தபோதுகூட அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

கேள்வி: இவர்களை ‘அண்டர்கிரவுண்ட்’ ராப் கலைஞர்கள் என்கிறார்களே, அப்படியென்றால் சட்டவிரோதமாக இயங்குவதா?

பதில்: இல்லை. பெரிய இசை நிறுவனங்களின் பணம், வானொலிச் செல்வாக்கு, விளம்பரம் ஆகியவற்றுக்கு வெளியே இயங்குவது என்பதே பொருள். 1990களின் பிற்பகுதியில் நியூயார்க்கில், பெருநிறுவனங்கள் பளபளப்பான உடையும் பழைய வெற்றிப் பாடல்களின் மறுபதிப்புமாக ராப் விற்றுக்கொண்டிருந்தபோது, சிலர் சொந்தக் காசில் 12 அங்குல இசைத்தட்டுகளை அச்சிட்டுக் கடைகடையாகக் கொடுத்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் நள்ளிரவு ஹிப்ஹாப் நிகழ்ச்சி நடத்திய இருவரில் ஒருவரான பாபிட்டோ கார்சியா நடத்திய ‘ஃபாண்டில் எம்’ அப்படிப்பட்ட ஒரு நிறுவனம். டூமின் இரண்டாம் பிறவி அங்கேதான் நிகழ்ந்தது.

கேள்வி: எம்எஃப் டூம் ஏன் எப்போதும் இரும்பு முகமூடி அணிந்திருந்தார்? விளம்பரத்துக்காகச் செய்த தந்திரம் என்று என் மகனிடம் சொன்னேன். ஒருவாரமாக அவன் என்னோடு பேசுவதில்லை.

பதில்: உங்கள் மகன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்ல வருந்துகிறேன். அந்த முகமூடிக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது.

டூமின் இயற்பெயர் டேனியல் டுமிலே; 1971இல் லண்டனில் பிறந்தவர். தாய் டிரினிடாட்டைச் சேர்ந்தவர், தந்தை ஜிம்பாப்வேக்காரர். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அவர் வளர்ந்தது நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில். ‘ஸெவ் லவ் எக்ஸ்’ என்ற பெயரில், தம்பி சப்ராக்கையும் சேர்த்துக்கொண்டு ‘கேஎம்டி’ என்ற குழுவைத் தொடங்கினார். 1991இல் எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனம் அவர்களது முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அப்போது முகமூடி இல்லை. சிரித்த முகமும் நகைச்சுவையுமாக இருந்த இளைஞர் அவர். இரண்டாவது ஆல்பம் முடியும் தறுவாயில், 1993 ஏப்ரலில், நெடுஞ்சாலை ஒன்றைக் கடக்கும்போது கார் மோதித் தம்பி இறந்தார். வயது 19. அண்ணன் தனியாக அந்த ஆல்பத்தை முடித்துக் கொடுத்தார். அதன் அட்டைக்கு, கருப்பின மக்களை இழிவுசெய்ய வெள்ளையர்கள் பரப்பிய ‘சாம்போ’ என்ற கேலிச்சித்திர உருவத்தைத் தூக்கிலிடுவதுபோல அவரே ஒரு படம் வரைந்திருந்தார். இழிவின் உருவத்தைத்தான் தூக்கிலிடுகிறார் என்பதைப் புரிந்துகொள்ளாமலோ புரிந்துகொள்ள விரும்பாமலோ எழுந்த சர்ச்சைக்கு அஞ்சிய நிறுவனம், 1994இல் ஆல்பத்தையும் கிடப்பில் போட்டது, குழுவையும் கைவிட்டது. ஓராண்டுக்குள் தம்பியும் இல்லை, தொழிலும் இல்லை.

அதன்பின் சில ஆண்டுகள் அவர் எங்கும் தென்படவில்லை. 1997-98 வாக்கில் மன்ஹாட்டனில் உள்ள ‘நியூயோரிக்கன் போயட்ஸ் கஃபே’ என்ற கவிதை அரங்கில், காலுறைத் துணியைத் தலைவழியே இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் ராப் பாடத் தொடங்கினார். பிறகு அது உலோக முகமூடியாயிற்று. மார்வெல் சித்திரக்கதைகளில் சிதைந்த முகத்தை இரும்புக்குள் மறைத்துக்கொண்டு உலகத்தின்மீது வஞ்சம் தீர்க்க வரும் ‘டாக்டர் டூம்’ என்ற வில்லனிடமிருந்து அவர் பெயரையும் முகத்தையும் எடுத்துக்கொண்டார். 1999இல் ஃபாண்டில் எம் வழியாக வெளியான ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’ அந்த வில்லனின் முதல் ஆல்பம்.

இதோடு விட்டிருந்தால் சோகக் கதை என்று முடித்துவிடலாம். ஆனால் அவர் முகமூடியை எழுத்து உத்தியாகவும் வளர்த்தெடுத்தார். 2003ஆம் ஆண்டில் மட்டும் ‘கிங் கீடோரா’ என்ற மூன்று தலைப் பறக்கும் அசுரனாக ஒரு ஆல்பமும், ‘விக்டர் வான்’ என்ற வாய்த்துடுக்கு இளைஞனாக இன்னொரு ஆல்பமும் வெளியிட்டார். மேட்வில்லனியில் ‘ஃபேன்சி க்ளவுன்’ என்று ஒரு சிறு பாடல் உண்டு; அதில் பாடுபவன் விக்டர் வான். தன் காதலி தன்னை ஏமாற்றிவிட்டு ஒரு முகமூடிக்காரனோடு போய்விட்டாள் என்று அவன் பொருமுகிறான். அந்த முகமூடிக்காரன் டூம். அதாவது, தன்னுடைய ஒரு வேடம் தன்னுடைய இன்னொரு வேடத்தின்மீது பொறாமைப்பட்டுப் பாடுகிறது. இரண்டு குரலும் ஒருவருடையதே. தெருக்கூத்தில் ஒரே கலைஞர் இரண்டு வேடம் கட்டுவதுண்டு. இரண்டு வேடமும் ஒரே பெண்ணுக்காகச் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை.

மகனிடம் இந்தப் பாடலைப் பற்றிக் கேளுங்கள். பேச ஆரம்பித்துவிடுவான்.

கேள்வி: மேட்லிப் என்பவர் ராப் பாடவில்லை, வாத்தியமும் வாசிக்கவில்லை, பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டினார் என்கிறார்கள். இதற்கு இசையமைப்பு என்று பெயரா? திருட்டு என்று ஏன் சொல்லக்கூடாது?

பதில்: முதலில் ஒரு திருத்தம்: அவர் வாத்தியமும் வாசிப்பார், ராப்பும் பாடுவார். ஓட்டிஸ் ஜாக்சன் ஜூனியர் என்பது அவரது இயற்பெயர்; 1973இல் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட் என்ற கடலோர ஊரில் வளர்ந்தவர். தந்தை பாடகர், தாய்மாமன் ஜான் ஃபாடிஸ் புகழ்பெற்ற ஜாஸ் டிரம்பெட் கலைஞர். தன் சொந்தக் குரல் பிடிக்காததால், டேப்பை மெதுவாக ஓடவிட்டுப் பாடிப் பதிவுசெய்து, பிறகு வேகத்தைக் கூட்டி, கீச்சுக்குரல் கொண்ட ‘குவாசிமோட்டோ’ என்ற பாத்திரமாக 2000இல் ஓர் ஆல்பமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு ‘யெஸ்டர்டேஸ் நியூ குவின்டெட்’ என்ற ஐவர் ஜாஸ் குழு ஓர் ஆல்பம் தந்தது. உறுப்பினர்கள் ஐவருக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வாசித்தவர் ஒரே ஆள், மேட்லிப். முகமூடி போடாமலேயே முகத்தை மறைக்கத் தெரிந்தவர். பேட்டிகளில் அவர் பேசுவது மிகக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது திருட்டு விஷயம். உரியவரிடம் அனுமதி பெறாமலும் பணம் கொடுக்காமலும் எடுத்தால் சட்டப்படி அது சிக்கல்தான். அமெரிக்க நீதிமன்றங்கள் 1991 முதல் அதில் கடுமையாகவே இருந்திருக்கின்றன. கலை என்ற அளவில் கேட்டால் என் பதில் வேறு. ‘ரெய்ட்’ என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். முதலில் சில நொடிகள் ஜாஸ் மேதை பில் எவான்ஸின் பியானோ கேட்கிறது. கேட்பவர் ஏதோ அமைதியான கச்சேரி என்று சாய்ந்து உட்காருகிறார். சட்டென்று அது அறுந்து, ஆஸ்மர் மிலிட்டோ என்ற பிரேசில் பியானோ கலைஞரின் பதிவிலிருந்து எடுத்த துள்ளலான துண்டு சுழலத் தொடங்குகிறது. அதன்மேல் ராப் ஏறுகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பியானோக்கள், இரண்டு கண்டங்கள், இரண்டு அறைகளின் காற்று. இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் என்று கேட்டறியும் காது இருக்கிறதே, அதற்கு நான் இசையமைப்பு என்றுதான் பெயர் கொடுப்பேன். பூவைச் செய்தவர் வேறு, மாலை கட்டியவர் வேறு. பூவுக்கு உரிய விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கேள்வி: ராப்பில் எதுகை மோனை உண்டா? டூமின் வரிகளைப் புலவர்களின் வரிகளோடு ஒப்பிடுவதெல்லாம் ரசிகர்களின் ஆர்வக்கோளாறா?

பதில்: ஆங்கில மரபுச் செய்யுள் பெரும்பாலும் அடியின் கடைசியில் ஒலி ஒத்துவருவதைப் பிடித்துக்கொள்ளும், நம் யாப்பில் அதற்கு இயைபு என்று பெயர். நமக்கோ எதுகையும் மோனையும் முதன்மை. தொடக்ககால ராப், ஆங்கில வழக்கப்படி அடிக்கு ஒரு இயைபோடு நடந்தது. 1980களின் இறுதியில் அடிக்குள்ளேயே ஒலிகளை ஒத்திசைப்பது பரவியது. டூம் அதை எங்கே கொண்டுபோனார் என்பதை ஆங்கில வரியை எடுத்துக்காட்டாமல் தமிழிலேயே சொல்லிப்பார்க்கிறேன்.

‘மடைதிறந்த வெள்ளம்’ என்று ஓரடியை முடிக்கிறோம்; அடுத்த அடியை ‘தடைமறந்த உள்ளம்’ என்று முடிக்கிறோம். இங்கே ஒத்துவருவது ‘வெள்ளம், உள்ளம்’ என்ற ஒரு சொல் அல்ல. தொடர் முழுவதும் அசைக்கு அசை ஒத்துவருகிறது. டூம் இத்தகைய முழுத்தொடர் ஒத்திசைவை இரண்டடியோடு விடுவதில்லை. ஆறு அடி, எட்டு அடி என்று இழுத்துக்கொண்டு போவார். அதுவும் வாக்கியம் முடியும் இடமும் ஒலி ஒத்துவரும் இடமும் ஒன்றாக வராதபடி பார்த்துக்கொள்வார். ஆகவே கேட்பவரின் மனம் பொருளைத் தேடி ஒரு பக்கமும், காது ஒலியைத் தேடி இன்னொரு பக்கமும் ஓடுகிறது. ஒத்திசைக்கும் என்று நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் சொல்லை வேண்டுமென்றே தவிர்த்து, வேறொரு மரியாதையான சொல்லை வைத்துச் சிரிக்கவைப்பதும் உண்டு. அருணகிரிநாதரின் சந்தத்தில் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. பொருளின் ஆழத்தில் ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வந்துவிட வேண்டாம். ஒலியை அடுக்கும் கைவேலையை மட்டுமே சொல்கிறேன்.

இன்னொன்று. தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லா எழுத்துகளையும் பெரிய எழுத்திலேயே எழுத வேண்டும் என்று ‘ஆல் கேப்ஸ்’ என்ற பாடலில் அவர் கட்டளையிட்டிருக்கிறார். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லாததால், அந்தக் கட்டளையைக் கடைப்பிடிக்கவும் எனக்கு வழியில்லை, மீறவும் வழியில்லை.

கேள்வி: இவ்வளவு ஒதுங்கி வாழ்ந்த இருவரும் எப்படிச் சந்தித்தார்கள்? ஆல்பம் வெளிவரும் முன்பே திருட்டுத்தனமாகப் பரவிவிட்டது என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். தான் சேர்ந்து பணியாற்ற விரும்புபவர்கள் என்று மேட்லிப் ஒரு பேட்டியில் சொன்ன இரண்டு பெயர்கள், ஜே டில்லா என்ற ஹிப்ஹாப் இசையமைப்பாளரும் டூமும். டூம் அப்போது ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா பக்கம் வசித்தார். ஸ்டோன்ஸ் த்ரோ அவருக்கு விமானச் சீட்டு எடுத்துக்கொடுத்து, 1,500 டாலர் தருவதாகவும் சொல்லி வரவழைத்தது. சீட்டு எடுத்தபின் கையில் காசு இல்லை என்பதுதான் வேடிக்கை. நிறுவனத்தின் அலுவலகமும் வசிப்பிடமுமாக இருந்த வீடு லாஸ் ஏஞ்சலிஸின் மவுண்ட் வாஷிங்டன் குன்றுப்பகுதியில் இருந்தது. பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய நிலவறை அதில் ஒன்று உண்டு. அண்டர்கிரவுண்ட் என்ற சொல்லுக்கு இதைவிட நேரடியான பொருள் கிடைக்காது: மேட்லிப்பின் ஸ்டூடியோ அந்த நிலவறைதான். கீழே அவர் பீட், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் இசை, போடுவார். மேலே டூம் அதைக் கேட்டபடி நோட்டுப்புத்தகத்தில் எழுதுவார்.

2002 நவம்பரில் மேட்லிப் ஓர் இசைப் பயிலரங்குக்காகப் பிரேசில் சென்றார். சாவ் பாலோவில் பழைய இசைத்தட்டுகளை வாங்கிக் குவித்து, ஓட்டல் அறையில் உட்கார்ந்து, கையடக்க டர்ன்டேபிள், ஒரு டேப் டெக், இசைத் துண்டுகளை எடுத்து அடுக்கும் ‘பாஸ் எஸ்பி-303’ என்ற சின்னஞ்சிறு சாம்பிளர் கருவி ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆல்பத்துக்கான பீட்கள் பலவற்றை அங்கேயே செய்தார். அந்தப் பயணத்தின்போதுதான் முடிக்கப்படாத பதிவு வெளியே கசிந்து இணையத்தில் பரவியது. வெளியீட்டுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. வயிற்றெரிச்சல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருவரும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தபோது நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. டூம் சில வரிகளை மாற்றினார், குரலையும் மாற்றினார். கசிந்த பதிவில் அவர் வேகமும் துடிப்புமாகப் பாடுகிறார். வெளிவந்த ஆல்பத்தில் குரல் தாழ்ந்து, சோம்பலாக, நாற்காலியில் சாய்ந்துகொண்டு யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், திருடியவர் கையில் கிடைத்தது வெறும் வரைவு என்பது விளங்கும். கசிவு நடக்காமல் இருந்திருந்தால் அந்தச் சாய்ந்த குரல் நமக்குக் கிடைத்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. திருட்டுக்கு நன்றி சொல்லவும் மனம் வரவில்லை.

கேள்வி: டூம் தன் கச்சேரிகளுக்குத் தனக்குப் பதிலாக வேறு ஆட்களுக்கு முகமூடி மாட்டி அனுப்பினாராமே?

பதில்: அனுப்பினார். 2000களின் பிற்பகுதியில் பல ஊர்களில் இது நடந்தது. வந்தவர் பாடாமல் பதிவுக்கு வாயசைத்துவிட்டுப் போனதாக ரசிகர்கள் கொதித்தார்கள். எழுத்தாளரும் இயக்குநரும் நானே, எந்தப் பாத்திரத்தை எங்கே நிறுத்துவது என்பது என் உரிமை என்ற ரீதியில் அவர் பிறகு விளக்கம் கொடுத்தார். கருத்தாகக் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சீட்டு வாங்கியவர் கருத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் அவருடைய ரசிகனாக இல்லாமல், வரிசையில் நின்று ஏமாந்தவர்களின் பக்கமே நிற்கிறேன்.

கேள்வி: இரண்டாவது ஆல்பம் ஏன் வரவில்லை? இருவரும் சண்டையிட்டுப் பிரிந்தார்களா?

பதில்: சண்டை எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை, ஆளாளுக்கு வேலை இருந்தது. டூம் அதே 2004 நவம்பரில், தன் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளையே இடம்மாற்றிப்போட்டு ‘எம்எம்..ஃபுட்’ என்று தலைப்பிட்டு, உணவை மையமாக வைத்த ஆல்பத்தை வெளியிட்டார். மேட்வில்லனிக்காகச் செய்து அதில் இடம்பெறாமல் போன ‘ஒன் பீர்’ என்ற பாடல் அங்கேதான் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு டேஞ்சர் மவுஸ் என்ற இசையமைப்பாளரோடு இன்னொரு கூட்டணி. மேட்லிப் 2008இல், டூமின் பழைய குரல் பதிவுகளுக்குக் கீழே முற்றிலும் புதிய பீட்களை வைத்து ஆல்பம் முழுவதையும் தனியாகவே மறுபடி செய்து வெளியிட்டார். தொடர் ஆல்பம் வருகிறது, வருகிறது என்ற பேச்சு மட்டும் பல ஆண்டுகள் நீடித்தது. ஓரிரு தனிப்பாடல்கள் வந்தன.

நடுவில் டூமின் வாழ்க்கையை ஒரு கடவுச்சீட்டு மாற்றியது. சிறுவயதிலிருந்து அமெரிக்காவிலேயே வளர்ந்தும் அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெறவில்லை. 2010இல் ஐரோப்பாவில் கச்சேரிகளை முடித்துத் திரும்பியபோது அமெரிக்கா அவரை உள்ளே விட மறுத்தது. பிறந்த நாடு என்பதைத் தவிர அதிகத் தொடர்பில்லாத இங்கிலாந்தில் அவர் மிச்ச காலத்தைக் கழிக்க நேர்ந்தது. 2020 அக்டோபர் 31 அன்று லீட்ஸ் நகரில் இறந்தார், வயது 49. புதிதாகத் தரப்பட்ட இரத்த அழுத்த மருந்தினால் தொண்டைப் பகுதி வீங்கியதே காரணம் என்று 2023இல் நடந்த மரண விசாரணையில் பதிவாயிற்று. குடும்பத்தினர் செய்தியை வெளியிட்டது டிசம்பர் 31 அன்றுதான். இரண்டு மாதம் உலகத்துக்கே தெரியாமல் இருந்தது அவரது சாவு.

மேட்லிப் நிற்கவில்லை. ஃப்ரெடி கிப்ஸ் என்ற ராப் கலைஞரோடு 2014இலும் 2019இலும் இரண்டு ஆல்பங்கள் செய்தார். இரண்டாவதன் பீட்களை ஐபேடிலேயே செய்ததாகச் சொன்னார். ஓட்டல் அறையில் சின்ன சாம்பிளரோடு உட்கார்ந்தவருக்கு அது பெரிய மாற்றமாகத் தோன்றியிருக்காது.

கேள்வி: இவர்களுக்கும் இந்திய இசைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: மேட்லிப்புக்கு உண்டு. ‘பீட் கண்டக்டா’ என்ற தன் வரிசையில், இந்தியத் திரையிசைத் தட்டுகளிலிருந்து, பெரும்பாலும் இந்திப் படப் பாடல்களிலிருந்து, துண்டுகளை எடுத்து 2007இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்.

கேள்வி: எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? எனக்கு ஆங்கில ராப் வேகமாக இருந்தால் ஒன்றும் புரிவதில்லை.

பதில்: மேட்வில்லனியின் இரண்டாவது பாடலான ‘அக்கார்டியன்’. டிடேலஸ் என்ற இசைக்கலைஞரின் பதிவிலிருந்து எடுத்த அக்கார்டியன் ஒலி, மூச்சுவிடுவதுபோல நீண்டு சுருங்கி, மாறாமல் சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டே நிமிடம், பல்லவி இல்லை, டூம் நிதானமாகத்தான் பாடுகிறார். முதல்முறை பொருளைத் தேடாமல், எந்த இடத்தில் ஒலி திரும்பி வருகிறது என்பதை விரலால் மேசையில் தட்டியபடி கேளுங்கள். இரண்டாம் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டிய இடங்கள் எண்ணிக்கையில் இரட்டிப்பாகியிருக்கும்.